அத்தியாயம் 9: வெளிநாட்டுக் குடும்ப டிரஸ்டில் தகராறு வந்தால்

அப்பா காலமாகி மூன்று மாதம் ஆகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜெர்சித் தீவில் உள்ள ஒரு டிரஸ்ட் கம்பெனியிலிருந்து மகளுக்கு ஒரு கடிதம் வருகிறது. 'இந்த டிரஸ்டின் பயனாளிகளில் தாங்களும் ஒருவர்' என்று இரண்டு வரி. சொத்து எவ்வளவு, யாருக்கு எவ்வளவு, இதுவரை யாருக்கு என்ன போயிற்று என்று ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு விவரம் தெரியாது. அண்ணனைக் கேட்டால், "அதெல்லாம் அப்பா ஏற்பாடும்மா, நீ தலையிடாதே" என்கிறார்.

அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பவருக்காகவே இந்த அத்தியாயம். இப்படியொரு டிரஸ்டை ஏற்படுத்தலாமா என்று யோசிக்கும் பெற்றோரும் இதைப் படிக்க வேண்டும். டிரஸ்ட் வழக்குகளில் பெரும்பாலானவை டிரஸ்ட் எழுதிய நாளிலேயே கருக்கொண்டவை. கொடுத்தவர் மனதாரக் கொடுக்கவில்லை, அல்லது கொடுத்ததைப் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. இந்த இரண்டில் ஒன்றுதான் பெரும்பாலும் வேர்.

நான்கு பேர், நான்கு வேலை

நம் ஊரில் தான செட்டில்மெண்ட் பத்திரம் எல்லோருக்கும் தெரியும். அப்பா வீட்டை மகன் பெயருக்கு எழுதி, தன் ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமையைத் தனக்கு வைத்துக்கொள்வார். அங்கே கொடுப்பவர், வாங்குபவர் என இரண்டே பேர். டிரஸ்டில் நடுவே மூன்றாவது ஆள் வருகிறார். சொத்து அவர் பெயருக்குப் போகும், பலன் மட்டும் வேறொருவருக்குப் போகும். இங்கிலாந்தின் சான்சரி நீதிமன்றம் பல நூற்றாண்டுகளாக வளர்த்த ஏற்பாடு இது. ஜெர்சி, குவர்ன்சி, கேமன், பெர்முடா, சிங்கப்பூர், குக் தீவுகள் போன்ற இடங்கள் அதை எடுத்துக்கொண்டு தங்கள் பங்குக்குச் சட்டங்களை இயற்றியிருக்கின்றன.

கொடுத்தவர் சொத்தை ஒப்படைக்கிறார். டிரஸ்டி அதைத் தன் பெயரில் வைத்து நிர்வகிக்கிறார். வெளிநாட்டில் இது பெரும்பாலும் கட்டணம் வாங்கும் ஒரு கம்பெனி. பலனுக்கு உரியவர் பயனாளி. இவர்களோடு புரொடெக்டர் என்று ஒருவரும் இருக்கலாம். டிரஸ்டியை நீக்கவும், முக்கிய முடிவுகளுக்கு ஒப்புதல் தரவும் மறுக்கவும் அவருக்குப் பத்திரம் அதிகாரம் தரும்.

பெரும்பாலான குடும்ப டிரஸ்டுகள் விருப்புரிமை டிரஸ்டுகள். யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பதை டிரஸ்டிதான் முடிவு செய்வார். பயனாளிக்குக் குறிப்பிட்ட பங்கு எதுவும் கிடையாது. "மூன்றில் ஒரு பங்கு என்னுடையது" என்று இங்கே வாதாட முடியாது. தன் பெயர் நேர்மையாகப் பரிசீலிக்கப்பட வேண்டும், டிரஸ்ட் பத்திரப்படி நடத்தப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமைதான் பயனாளிக்கு உண்டு. சாதாரணமாகத் தோன்றினாலும் நீதிமன்றத்தில் இது வலுவான உரிமை.

தகராறு முளைக்கும் இடங்கள்

*கொடுத்தவர் கையை எடுக்காத டிரஸ்ட்.* கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பார்கள். கடன்காரர் வந்தால் 'சொத்து என்னுடையதில்லை' என்று சொல்ல வேண்டும். தனக்குத் தேவை வந்தால் அதே சொத்தை எடுத்துக்கொள்ளவும் வேண்டும். ஜெர்சியின் நார்மன் வழிச் சட்டத்தில் 'கொடுத்துவிட்டு வைத்துக்கொள்வது செல்லாது' என்று ஒரு பழைய விதி இருந்தது. 1991-ல் ரஹ்மான் வழக்கில் அங்குள்ள ராயல் கோர்ட், கொடுத்தவரே எல்லாவற்றையும் ஆட்டிவைத்த ஒரு டிரஸ்டைச் செல்லாது என்றது. டிரஸ்ட் விஷயத்தில் அந்தப் பழைய விதியை ஜெர்சிச் சட்டம் இப்போது விலக்கியிருந்தாலும், அதன் பின்னால் உள்ள 'உண்மையில் கொடுத்தாரா?' என்ற கேள்வி எல்லா நாட்டு நீதிமன்றங்களிலும் உயிரோடு இருக்கிறது.

ரஷ்ய வங்கியாளர் செர்கெய் புகச்சேவ் நியூசிலாந்துச் சட்டப்படி ஐந்து டிரஸ்டுகளை ஏற்படுத்தினார். சொத்து சுமார் 9.5 கோடி டாலர். புரொடெக்டரும் அவரே, பயனாளிகளில் ஒருவரும் அவரே. டிரஸ்டியைக் காரணம் சொல்லாமலே நீக்கும் அதிகாரமும் அவர் கையில் இருந்தது. 2017 அக்டோபரில் லண்டன் உயர் நீதிமன்றம் இந்த அதிகாரங்களையெல்லாம் சேர்த்து வைத்துப் பார்த்தது. அவர் சொத்தை உண்மையில் விட்டுக்கொடுக்கவே இல்லை என்று தீர்ப்பளித்து, கடன்காரர்களுக்கு வழிவிட்டது.

இந்தத் தீவுகள் பலவற்றுக்கும் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றமாக லண்டனில் இருக்கும் பிரிவி கவுன்சிலும் இரண்டு தீர்ப்புகளில் இதே வழியில் போயிருக்கிறது. கேமன் தீவுகளில் சுமார் 2.4 கோடி டாலர் இருந்த இரண்டு டிரஸ்டுகளில், கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் டிரஸ்டை ரத்து செய்யலாம் என்று இருந்தது. அந்த அதிகாரமே கிட்டத்தட்டச் சொத்துரிமைக்குச் சமம், அதைக் கடன்காரருக்காக ரிசீவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 2011-ல் சொன்னது. 2020-ல் குக் தீவுகளிலிருந்து வந்த வெப் தம்பதியின் வழக்கில், கணவர் தன்னையே ஒரே பயனாளியாக மாற்றிக்கொள்ள முடியும்படி பத்திரம் எழுதப்பட்டிருந்தது. அந்தச் சொத்து டிரஸ்டுக்குப் போகவே இல்லை, கணவருடையதாகவே நின்றது என்று தீர்ப்பானது.

*அதிகாரம் இருந்தும் நோக்கம் தவறிய டிரஸ்டி.* தைவானின் ஃபார்மோசா பிளாஸ்டிக்ஸ் குழுமத்தை உருவாக்கிய வாங் சகோதரர்களின் குடும்பத்துக்காகப் பெர்முடாவில் ஒரு டிரஸ்ட் இருந்தது. நிறுவனர்களின் பிள்ளைகளும் அவர்களின் சந்ததியும்தான் பயனாளிகள். பயனாளிகளைச் சேர்க்கவும் நீக்கவும் டிரஸ்டிக்கு அதிகாரம் என்று பத்திரம் சொன்னது. 2005-ல் டிரஸ்டி அந்த வரியைப் பிடித்துக்கொண்டு குடும்பத்தினர் அனைவரையும் நீக்கியது. எந்தத் தனிமனிதருக்கும் பலன் தராத வேறொரு நோக்க டிரஸ்டை அவர்கள் இடத்தில் சேர்த்து, சுமார் 56 கோடி டாலர் மதிப்புள்ள சொத்து முழுவதையும் அதற்கு மாற்றியது.

பதினேழு ஆண்டுகள் கழித்து, 2022 டிசம்பரில், பிரிவி கவுன்சில் அந்த மாற்றம் செல்லாது என்றது. பத்திரத்தின் சொற்களை மட்டும் பார்த்தால் டிரஸ்டி செய்தது அதற்குள் அடங்கும். ஆனால் அந்த அதிகாரம் பயனாளிகளின் நன்மைக்காகத் தரப்பட்டது. அதை வைத்து அவர்களையே துடைத்தெறிவது தவறான நோக்கம். 'பத்திரத்தில் அதிகாரம் இருக்கிறது' என்று டிரஸ்டி பதில் எழுதினால் அத்தோடு சோர்ந்துவிடாதீர்கள். எதற்காகத் தரப்பட்ட அதிகாரம் என்பதுதான் அடுத்த கேள்வி.

*பார்த்துக்கொண்டே இருந்த டிரஸ்டி.* ஜார்ஜியாவின் முன்னாள் பிரதமர் பிட்சினா இவானிஷ்விலி 2005-ல் சிங்கப்பூரில் ஒரு வங்கிக் குழுமத்தின் டிரஸ்ட் கம்பெனியிடம் 110 கோடி டாலரை ஒப்படைத்தார். பணத்தைக் கையாண்டவர் ஜெனீவாவில் இருந்த ஒரு வங்கியாளர். அவர் செய்த மோசடிக்காக 2018-ல் சுவிஸ் நீதிமன்றம் அவருக்குத் தண்டனை விதித்தது. சிங்கப்பூர் வழக்கின் கேள்வி, டிரஸ்டி என்ன செய்துகொண்டிருந்தது என்பது. பல ஆண்டுகளுக்கு முன்பே அறிகுறிகள் தெரிந்தும் சொத்தைக் காக்கவில்லை என்று 2023 மே மாதம் தீர்ப்பு வந்தது. இழப்பு முதலில் 92.6 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்டது. பின்னர் கணக்குத் திருத்தத்திலும் மேல்முறையீட்டிலும் அந்தத் தொகை குறைந்தது.

இதற்கு எதிர்ப்பக்கமும் தெரிந்திருக்க வேண்டும். 2019-ல் ஹாங்காங் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு டிரஸ்டியை முழுவதுமாக விடுவித்தது. டிரஸ்டின் கீழ் இருந்த கம்பெனி செய்த முதலீடுகள் 2008 நெருக்கடியில் பெரும் நஷ்டமடைந்தன. ஆனால் கம்பெனியின் தொழிலில் டிரஸ்டி தலையிட வேண்டியதில்லை என்று பத்திரமே சொல்லியிருந்தது. முதலீடுகளைத் தீர்மானித்தவர்களும் டிரஸ்டை ஏற்படுத்திய தம்பதிதான். அந்தச் சலுகைப் பிரிவு செல்லும் என்றது நீதிமன்றம். உங்கள் பத்திரத்தில் அப்படியொரு பிரிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

*விவாகரத்து.* இங்கிலாந்து நீதிமன்றங்கள் கணவன் மனைவி சொத்தைப் பிரிக்கும்போது, டிரஸ்டிலிருந்து ஒருவருக்குப் பணம் கிடைக்க வாய்ப்பு எவ்வளவு என்று பார்க்கும். 2007-ல் காப்பீட்டுத் துறைச் செல்வந்தர் ஜான் சார்மன் வழக்கில், பெர்முடா டிரஸ்டில் இருந்த பணமும் மொத்தக் கணக்கில் சேர்ந்தது. 13.1 கோடி பவுண்டில் மனைவிக்கு 4.8 கோடி பவுண்டு கிடைத்தது.

முதலில் காகிதம், அப்புறம் வழக்கு

கடிதம் வந்ததும் உறவினரோடு சண்டைக்குப் போகாதீர்கள். டிரஸ்ட் கம்பெனியைத் திட்டி மின்னஞ்சல் அனுப்பாதீர்கள். நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் பின்னாளில் நீதிமன்றத்தில் வாசிக்கப்படும். முதல் வேலை ஆவணம் கேட்பது.

பயனாளிக்கு எந்த ஆவணத்தைப் பார்க்கும் உரிமை உண்டு? 2003-ல் மேன் தீவிலிருந்து பிரிவி கவுன்சிலுக்கு வந்த ஷ்மிட் வழக்கு இதற்கு அடித்தளம். ரஷ்ய எண்ணெய் நிறுவன அதிகாரி ஒருவர் உயில் எழுதாமல் 1997-ல் இறந்துவிட்டார். மகன் டிரஸ்ட் கணக்கைக் கேட்டபோது, 'உனக்கு உறுதியான பங்கு இல்லை, காட்ட முடியாது' என்றார்கள். பங்கு உறுதியாக இருந்தால்தான் கேட்கலாம் என்ற வாதத்தைப் பிரிவி கவுன்சில் ஏற்கவில்லை. டிரஸ்டுகளைக் கண்காணிப்பது நீதிமன்றத்தின் பொறுப்பு, அந்தப் பொறுப்பின் கீழ் விருப்புரிமைப் பயனாளியும் ஆவணம் கேட்டு வரலாம், எதைக் காட்டுவது என்பதை நீதிமன்றம் எடைபோடும் என்றது.

நடைமுறையில் டிரஸ்ட் பத்திரமும் அதன் திருத்தங்களும் கணக்குகளும் பெரும்பாலும் கிடைக்கும். ஏன் இப்படி முடிவெடுத்தோம் என்ற காரணத்தை டிரஸ்டி சொல்ல வேண்டியதில்லை என்பது 1960-களிலிருந்து நிலைத்த விதி. கொடுத்தவர் டிரஸ்டிக்கு எழுதிவைக்கும் விருப்பக் கடிதமும் பொதுவாக ரகசியமானது என்று 2008-ல் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் வழக்கு நீதிமன்றத்துக்குள் வந்துவிட்டால் இந்தக் காப்பு தளரலாம்.

முதல் கடிதத்தின் சாரம் இப்படி இருக்கட்டும். வழக்கறிஞர் இதை ஆங்கிலத்தில் எழுதுவார்.

'ஐயா, தங்கள் கடிதத்தின்படி நான் மேற்படி டிரஸ்டின் பயனாளி. கீழ்க்கண்டவற்றின் நகல்களை 28 நாட்களுக்குள் அனுப்பக் கோருகிறேன்: (1) டிரஸ்ட் பத்திரமும் பின்னால் செய்த எல்லாத் திருத்தங்களும், (2) டிரஸ்டி, புரொடெக்டர், பயனாளிகள் மாற்றப்பட்ட ஆவணங்கள், (3) கடந்த 6 ஆண்டுக் கணக்குகள், டிரஸ்டின் கீழுள்ள கம்பெனிகளின் கணக்குகளும் சேர்த்து, (4) யாருக்கு எவ்வளவு வழங்கப்பட்டது, கடனாகக் கொடுத்தது எவ்வளவு என்ற பட்டியல், (5) டிரஸ்டிக்குச் செலுத்திய கட்டண விவரம். எதையாவது தர மறுத்தால், எந்தப் பிரிவின்படி மறுக்கிறீர்கள் என்று தெரிவியுங்கள். எந்த ஆவணத்தையும் அழிக்காமல் காக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.'

குற்றச்சாட்டு ஒன்றுகூட இல்லாத கடிதம் இது. ஆனால் கடைசி இரண்டு வரிகளும் டிரஸ்டியை நிமிர்ந்து உட்கார வைக்கும்.

பத்திரம் வந்ததும் எங்கே பார்க்க வேண்டும்? நாற்பது ஐம்பது பக்கம் இருக்கும். முதல் பக்கத்திலிருந்து படித்துச் சலித்துப்போகாமல், நேராகச் சொற்பொருள் பகுதிக்குப் போங்கள். 'பயனாளிகள்' என்ற சொல்லுக்கு நேரே அட்டவணை எண் இருக்கும். அட்டவணையைப் புரட்டுங்கள். சில பத்திரங்களில் அங்கே ஒரு தொண்டு நிறுவனத்தின் பெயர் மட்டும் இருக்கும். குடும்பத்தார் பெயரெல்லாம் பின்னால் சேர்க்கப்பட்டிருக்கும். அடுத்து, 'விலக்கப்பட்டவர்' என்ற சொல்லின் பொருளைப் பாருங்கள். பிறகு பத்திரத்தோடு இணைந்த ஒற்றைப் பக்கத் திருத்த ஆவணங்களைத் தேதி வரிசையில் அடுக்குங்கள். அப்பா மருத்துவமனையில் படுத்திருந்த மாதத் தேதியில் ஒரு பயனாளி நீக்கப்பட்டிருக்கிறாரா? டிரஸ்டி மாறிய அதே வாரத்தில் ஒரு பெரிய தொகை கடனாகப் போயிருக்கிறதா? வழக்கின் முடிச்சு பெரும்பாலும் இப்படி இரண்டு தேதிகளுக்கு இடையில்தான் இருக்கும். இந்தத் தேதிப் பட்டியலை உங்கள் கையாலேயே எழுதுங்கள். குடும்பத்தில் அந்த நாட்களில் என்ன நடந்தது என்பது வழக்கறிஞரைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

எந்த ஊர் நீதிமன்றம்?

குடும்பம் ஓர் ஊரில், டிரஸ்டி இன்னோர் ஊரில், வங்கிக் கணக்கு மூன்றாவது ஊரில் இருக்கும். எங்கே வழக்குப் போடுவது என்பதே தனி வழக்காகிவிடும். பத்திரத்தில் எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்ற பிரிவும், நிர்வாகம் எந்த நாட்டில் என்ற பிரிவும் இருக்கும். இரண்டையும் ஒன்றென நினைத்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இத்தாலியின் குரோசியானி குடும்ப வழக்கில், தாய்க்கும் மகளுக்கும் நடுவே 1987-ல் தொடங்கிய ஒரு டிரஸ்ட் நின்றது. டிரஸ்டியைப் பின்னர் மொரீஷியஸுக்கு மாற்றியிருந்தார்கள். ஆகவே வழக்கும் மொரீஷியஸில்தான் நடக்க வேண்டும் என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. நிர்வாகம் ஒரு நாட்டில் என்று எழுதியிருப்பதால், டிரஸ்டி செய்த தவறுக்கும் அங்கேதான் போக வேண்டும் என்று ஆகிவிடாது என்று 2014-ல் பிரிவி கவுன்சில் சொன்னது. வழக்கு ஜெர்சியிலேயே நடந்து, 2017-ல் மகள் தரப்புக்குச் சாதகமாக 10 கோடி டாலருக்கு மேல் திருப்பிச் செலுத்தச் சொல்லித் தீர்ப்பானது.

பல தீவுகளின் சட்டத்தில் ஃபயர்வால் என்ற காப்புச்சுவர்ப் பிரிவு உண்டு. வெளிநாட்டு வாரிசுச் சட்டமோ விவாகரத்துத் தீர்ப்போ இங்குள்ள டிரஸ்டை அசைக்காது என்பது அதன் சாரம். குக் தீவுகள் இதில் ஒரு படி மேலே போய்விட்டது. கடன்காரர் அங்கேயே புதிதாக வழக்குப் போட வேண்டும். மோசடி நோக்கத்தைக் குற்ற வழக்கில்போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். அதற்குத் தரப்படும் காலமும் மிகக் குறைவு.

இதை நம்பி டிரஸ்ட் விற்பவர்கள் சொல்லாமல் விடும் ஒன்று உண்டு. சுவர் பணத்துக்குத்தான், ஆளுக்கு இல்லை. அமெரிக்காவில் ஆண்டர்சன் தம்பதி தங்கள் பணத்தைக் குக் தீவு டிரஸ்டில் வைத்திருந்தார்கள். 'கொண்டுவா' என்று நீதிமன்றம் உத்தரவிட்டபோது, தங்களால் முடியாது, டிரஸ்டி தரமாட்டார் என்றார்கள். அந்த முடியாமையை உருவாக்கியவர்களே நீங்கள்தான் என்று சொல்லி, நீதிமன்ற அவமதிப்புக்காக அவர்களைச் சிறையில் வைத்தது நீதிமன்றம். 1999-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

காலமும் செலவும்

கடிகாரம் நீங்கள் கவனிக்காமலே ஓடிக்கொண்டிருக்கும். டிரஸ்டி கடமை தவறியதற்கு இங்கிலாந்தில் பொதுவாக 6 ஆண்டு. மோசடி என்றாலோ, டிரஸ்ட் சொத்து டிரஸ்டியின் கையிலேயே இருந்தாலோ அந்த வரம்பு கிடையாது. ஜெர்சியில் தவறு உங்களுக்குத் தெரிந்ததிலிருந்து, அல்லது இறுதிக் கணக்கு கிடைத்ததிலிருந்து 3 ஆண்டு. எந்தத் தேதியில் உங்களுக்கு எது தெரியவந்தது என்பதைக் குறித்து வையுங்கள். உறையை அஞ்சல் முத்திரையோடு பத்திரப்படுத்துங்கள்.

செலவு விஷயத்தில் மூன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பத்திரத்தின் பொருள் தெளிவில்லை என்று எல்லோரும் சேர்ந்து நீதிமன்றத்தைக் கேட்டால் செலவு பெரும்பாலும் டிரஸ்ட் பணத்திலிருந்து வரும். பகையாகப் போடும் வழக்கில் தோற்றவர் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும். பெரிய முடிவுக்கோ வழக்குக்கோ முன்னால் டிரஸ்டியே நீதிமன்றத்தின் அனுமதியைக் கேட்டுப் பெறலாம். அப்படிக் கேட்காமல் செலவழித்தால் அது தன் தலையில் விழலாம் என்பது ஒழுங்கான டிரஸ்டிக்குத் தெரியும்.

சில பத்திரங்களில் 'டிரஸ்டை எதிர்த்து வழக்குப் போடுபவர் பயனாளியாக நீடிக்க மாட்டார்' என்று எழுதியிருக்கும். பார்த்ததும் கை நடுங்கும். 2006-ல் கேமன் நீதிமன்றம் அப்படிப்பட்ட பிரிவு செல்லும் என்றது. ஆனால் நியாயமான காரணத்தோடு நீதிமன்றம் வருபவரின் உரிமையை அது பறிக்காது என்று அதற்குப் பொருள் கொண்டது. ஆகவே வழக்குப் போடும் முன் வழக்கறிஞரிடம் எழுத்துப்பூர்வக் கருத்து வாங்கிக்கொள்ளுங்கள். காரணம் நியாயமானது என்பதற்கு அதுவே முதல் சான்று.

சமரசம்

பயனாளிகள் எல்லோரும் வயது வந்தவர்கள், எல்லோரும் ஒரே மனது என்றால், சேர்ந்து டிரஸ்டையே முடித்துச் சொத்தைப் பிரித்துக்கொள்ளலாம். 1841-ல் சாண்டர்ஸ் எதிர் வாட்டியே வழக்கில் இங்கிலாந்தில் நிலைத்த விதி இது. குடும்ப டிரஸ்டில் பேரன் பேத்திகளும், இனிப் பிறக்கப்போகிறவர்களும் பயனாளிகளாக இருப்பார்கள் என்பதுதான் சிக்கல். அவர்கள் சார்பில் நீதிமன்றம் ஒப்புதல் தர வேண்டும். அண்ணனும் தங்கையும் காப்பி குடித்துக்கொண்டே ஒரு தாளில் கையெழுத்திட்டால் போதாது. மத்தியஸ்தர் முன்னால் பேசி முடித்து, அதை நீதிமன்றத்தில் வைத்து ஆணையாகப் பெறுவதே பிற்காலத் தகராறைத் தடுக்கும்.

இந்தியாவில் வசிக்கும் பயனாளிக்கு

இந்தியாவில் வசிப்பவர் என்ற நிலை வரிச் சட்டப்படி உங்களுக்கு இருந்தால், குடும்ப வழக்கோடு இன்னொன்றும் உங்கள் தலைமேல் நிற்கிறது. நீங்கள் வெளிநாட்டு டிரஸ்டில் கொடுத்தவராகவோ, டிரஸ்டியாகவோ, பயனாளியாகவோ இருந்தால் வருமான வரிக் கணக்கின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் அதைக் காட்ட வேண்டும். விட்டுவிட்டால் 2015-ம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கலாம். மறைத்த வருமானம் அல்லது சொத்து என்று முடிவானால் 30 சதவீத வரி, அதற்கு மேல் அந்த வரியைப் போல மூன்று மடங்கு அபராதம். நாடுகள் வங்கித் தகவலைத் தானாகவே பரிமாறிக்கொள்ளும் ஏற்பாட்டில் இந்தியா 2017-லிருந்து இருக்கிறது. 'யாருக்குத் தெரியப்போகிறது' என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள்.

கையில் வராத பணத்துக்கும் வரியா? கோண்டல் மகாராஜா விக்ரம்சிங்ஜி அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் டிரஸ்டுகள் ஏற்படுத்தியிருந்தார். பிரிட்டன் டிரஸ்டுகள் விருப்புரிமை டிரஸ்டுகள் என்பதால், வழங்கப்படாத வருமானத்தை அவர் தரப்புக் கணக்கில் சேர்க்க முடியாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் மும்பை வருமான வரித் தீர்ப்பாயம், லீக்டன்ஸ்டைன் வங்கி ஒன்றில் இருந்த டிரஸ்ட் பணத்துக்கு அதன் பயனாளிகள் வரி கட்ட வேண்டும் என்றது. பத்திரத்தைக் காட்டி, தன் நிலையை ஆவணத்தோடு நிறுவத் தயாராக இருப்பவருக்கும், தெரியாது என்று கைவிரிப்பவருக்கும் ஒரே முடிவு கிடைக்காது.

கொடுத்தவர் இந்தியாவில் வசிப்பவர் என்றால் ரத்து செய்யக்கூடிய டிரஸ்டின் வருமானம் அவருடையதாகவே கருதப்படும். இந்திய வரிச் சட்டமும் 'உண்மையில் கொடுத்தீர்களா?' என்றுதான் கேட்கிறது. தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர் என்ற ரிசர்வ் வங்கியின் வரம்பும் உண்டு. 2025-ம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால், பழைய பிரிவு எண்களை வைத்துக்கொண்டு ஆடிட்டரிடம் பேசாதீர்கள்.

டிரஸ்ட் ஏற்படுத்த நினைக்கும் பெற்றோருக்கு

1. எதை உங்களால் மனதார விட முடியுமோ அதை மட்டும் டிரஸ்டில் போடுங்கள். மற்றதற்கு உயில் போதும்.

2. கொடுத்தவர், புரொடெக்டர், பயனாளி என மூன்று நாற்காலியிலும் நீங்களே உட்காராதீர்கள்.

3. ஒரு பிள்ளையைப் புரொடெக்டராக்கி மற்றவர்களைப் பயனாளிகளாக மட்டும் வைக்காதீர்கள். குடும்பத்துக்கு வெளியே ஒருவரை வையுங்கள். அவர் இறந்தால் அடுத்தவர் யார் என்றும் எழுதுங்கள்.

4. பயனாளிகளை நீக்கும் அதிகாரம் எதற்காக என்று பத்திரத்திலேயே ஒரு வரி சேருங்கள். வாங் குடும்பத்துக்குப் பதினேழு ஆண்டு போனது இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

5. டிரஸ்டியைக் காக்கும் சலுகைப் பிரிவுகளை வரிவரியாக விளக்கச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைகள் நாளை அந்த வரிகளோடுதான் மோதுவார்கள்.

6. விருப்பக் கடிதத்தை மூன்றாண்டுக்கு ஒரு முறை எடுத்துப் படியுங்கள். காரணம் எழுதுங்கள். 'மகளுக்குக் குறைவாகக் கொடுப்பது அன்பு குறைந்ததால் அல்ல, வீட்டை ஏற்கெனவே கொடுத்துவிட்டேன்' என்ற ஒரு வரி ஒரு வழக்கைத் தடுக்கும்.

7. கணக்கை ஆண்டுதோறும் வயது வந்த பயனாளிகள் எல்லோருக்கும் அனுப்பும்படி டிரஸ்டியிடம் சொல்லுங்கள்.

இந்த ஏழிலும் பணம் செலவாகும் வேலை அதிகம் இல்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசும் மனம் வேண்டும். பலருக்கு அதுதான் கடினம்.

ஓவியச் சேகரிப்புக்குப் பேர்பெற்ற பாரன் தைசன்-போர்னமிசா 1983-ல் குடும்பத் தொழிலைப் பெர்முடா டிரஸ்டில் வைத்தார். மூத்த மகன் பொறுப்பேற்றார். தனக்கு வர வேண்டிய தொகை வரவில்லை என்று தந்தை மகன்மேல் வழக்குத் தொடுத்தார். சுமார் 270 கோடி டாலர் டிரஸ்ட். விசாரணை ஆண்டுக்கணக்கில் நீண்டது. நடுவிலேயே நீதிபதி பதவி விலகினார். 2002 பிப்ரவரியில் தீர்ப்பு எதுவும் இல்லாமல் குடும்பம் உடன்பாட்டுக்கு வந்தது. இரண்டே மாதத்தில், ஏப்ரலில், தந்தை காலமானார்.

உங்கள் வீட்டில் இப்படியொரு டிரஸ்ட் இருந்தால், அந்தப் பேச்சை இந்த வாரமே தொடங்குங்கள். பத்திரம் எங்கே இருக்கிறது, யார் டிரஸ்டி, ஏன் இப்படி எழுதினேன் என்ற மூன்றையும் எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்கார வைத்துச் சொல்லுங்கள். பிள்ளையாக இருந்தால், பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே மரியாதையோடு கேளுங்கள். பின்னாளில் ஜெர்சி நீதிமன்றத்தில் பல லட்சம் செலவழித்துக் கேட்கப்போகும் கேள்வி அதுவேதான்.